ஆறாவது ஹாரனின் கண்

அன்று பிற்பகல் மதகு அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் தம்பி. தம்பியின் மனைவி. என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை, பைப் ரிப்பேர் வேலை பார்க்கிறவர். அவருடைய தகப்பனார், அதாவது என் சம்பந்தி. ஏரி மதகைத் திறந்து மூடுகிற வேலை அவருடையது. ஆறாவது ஆள் ஏரியைப் பராமரிக்கிற அலுவலகத்து மேற்பார்வையாளர். வெயில் காலத்திலும் கறுப்புக் குடையோடு வருவதால் ஊரில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். இந்த ஆறு பேரைத் தவிர அங்கே ஈ காக்கை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று தாங்களும் அந்த அறைக்குள் நின்றதாகச் சொல்லித் திரிகிறவர்கள் இப்போது இருபது பேருக்குக் குறையாது. இருபது பேர் நின்றிருந்தால் அந்த அறையின் கதவைச் சாத்தியிருக்க முடியாது.

எங்கள் குடும்பம் ஒலிபெருக்கி கட்டுகிற குடும்பம். அப்பா காலத்திலிருந்து இந்த ஊரில் வெட்டவெளியில் ஒரு குரல் கேட்டால் அது எங்கள் கடை ஹாரனிலிருந்து வருவதுதான். மழையில் எங்கள் ஹாரன் ஊமையானது என்று யாரும் சொன்னதில்லை. அதற்கு அப்பா வைத்துவிட்டுப் போன முறை மூன்றே மூன்று. முகம் குனிய வேண்டும். வால் தொங்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். முகம் என்பது ஹாரனின் வாய். அது நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தரையைப் பார்த்தால் சாரல் உள்ளே ஏறாது. வால் என்பது ஒயர். கம்பத்திலிருந்து நேரே ஹாரனுக்குப் போகாமல் ஒரு முழம் கீழே தொங்கிவிட்டு மேலேற வேண்டும். ஒயர் வழியாக வழிந்து வருகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கண் என்பது, சத்தம் பிறக்கிற யூனிட்டைப் பின்பக்கம் மூடியிருக்கும் இரும்பு மூடியின் அடியில் உள்ள துளை. தீக்குச்சி நுழைகிற அளவுதான் இருக்கும். "எத்தனை இறுக்கி மூடினாலும் தண்ணி உள்ள வரும்டா. வந்தது வெளிய போக ஒரு வழி விட்டு வை" என்பார் அப்பா.

ஏரியின் எச்சரிக்கை ஹாரன்கள் ஆறும் எங்கள் கடையில் வாங்கி, என் தம்பி கம்பம் ஏறிக் கட்டியவை. ஏரி நிரம்பி எல்லாக் கதவுகளையும் தூக்க வேண்டி வந்தால் ஒரு மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பது விதி. கரை உயரம் என்பதால் மதகு அறையின் சன்னலில் நின்றால் ஆறு ஹாரனும் எங்களுக்குக் கேட்கும். பள்ளத்தெருவுக்கு மட்டும் ஆறாவது ஹாரனை விட்டால் வேறு கதியில்லை. அந்தத் தெருவுக்கும் மற்றத் தெருக்களுக்கும் நடுவில் தானியக் கிடங்குகளின் நீளச் சுவர் நிற்கிறது. ஐந்தாவது ஹாரனின் சத்தம் அந்தச் சுவரில் முட்டித் திரும்பிவிடும். பெயருக்கேற்ற பள்ளம், நூற்றிருபது வீடுகள். எல்லாக் கதவையும் தூக்கினால் அங்கே ஆள் உயரம் தண்ணீர் வரும். கடைசியிலிருந்து மூன்றாவது வீட்டில் என் மகளும் ஏழு மாதப் பேரனும் இருந்தார்கள்.

மூன்றாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. காலையிலேயே மின்சாரம் போனது, கூடவே செல்போன்களும் செத்தன. எங்கள் ஆம்ப்ளிஃபயர் இரண்டு லாரி பேட்டரிகளில் ஓடியது. நாலு மணிக்குக் கதவு தூக்குவது, மூன்று மணிக்கு அறிவிப்பு என்று முடிவாகியிருந்தது. ஊர்க்காவலுக்கு வந்த ஆட்கள் எல்லோரும் அக்கரையில் உடைந்த ஓடைக் கரையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரைக்கு ஒவ்வொரு ஹாரனாகச் சோதித்தோம். அறிவிப்புக் குரல் தம்பியின் மனைவியுடையது. இருபது வருடமாக எங்கள் கடையின் குரல் அதுதான்.

"மாமா, சத்தம் கூட்டவா?"

"இருக்கறது போதும்."

சம்பந்தி சன்னல் பக்கத்திலிருந்து திரும்பினார். "கூட்டினா என்ன தப்பு? உங்க வீட்டுல சாப்பிடக் கூப்பிடறதே மைக்லதானாம்."

"உங்க வீட்டுல குளிக்கறதுக்கு மதகு தொறப்பீங்களாமே, அந்த மாதிரிதான் சம்பந்தி" என்றேன். கல்யாணம் பேசிய நாளிலிருந்து எங்களுக்குள் இந்தப் பேச்சு உண்டு. அன்று நான், "பைப் ரிப்பேர் பாக்கறவருக்கா பொண்ணு" என்று கேட்டது அவர் காதுக்குப் போய்விட்டது. அதை அவர் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தம்பியின் மனைவி முதல் சுவிட்சைப் போட்டு "ஒன்று" என்றாள். மழைக்குள்ளிருந்து அவள் குரல் திரும்பி வந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் மணி மணியாகப் பேசின. "ஆறு" என்றாள்.

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவனின் சத்தம் போல ஏதோ கொப்பளித்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

"ஆறு." மழைதான் கேட்டது.

 மற்றவர்களுக்குப் புரிய நேரமாகும். எனக்கு அந்தக் கொப்பளிப்பு கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் ஐந்து ஹாரன்கள் கம்பம் ஏறியிருந்தன. ஆறாவது கடை மேசைமேல் இருந்தது. சாமானைப் பார்த்து ஒப்புக்கொள்ள வந்த குடைக்காரர் அதைக் கவிழ்த்து, சுண்டுவிரல் நகத்தைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். "என்ன பெரியவரே, புதுச் சாமானே ஓட்டையா இருக்கு. தண்ணி போகாத ஹாரன் வேணும்னு எழுதிக் குடுத்தோம். நீங்க தண்ணிக்கு வாசல் வச்சிருக்கீங்களே" என்றார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள்.

விளக்கியிருக்கலாம். அப்பாவின் மூன்று முறையையும் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். சிரிக்கிறவன் முன்னால் நின்று விளக்கம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "நாளைக்கு வந்து பாருங்க" என்றேன். அன்று மாலை எல்லோரும் போனபின் கறுப்புப் பசையை உருட்டிக் கண்ணில் வைத்து அழுத்தி, வழித்து, மேலே வர்ணமும் பூசினேன். நல்ல வேலை, தடவினால்கூடத் தெரியாது. மறுநாள் குடைக்காரர் தடவிப் பார்த்து, "இது வேலை" என்று கையெழுத்துப் போட்டார். கம்பம் ஏறுமுன் ஆணியால் குத்தித் திறந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

அதற்கடுத்த நாள் நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. தம்பி ஹாரனைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டிருந்தான். அதைக் கவிழ்த்துப் பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. பார்த்திருக்க மாட்டான். பெரியவர் கை வைத்து முடித்த சாமானைப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் எங்கள் கடையில் இல்லை. அப்பா முடித்ததை நான் புரட்டிப் பார்த்ததில்லை. நான் முடித்ததை அவன் பார்ப்பதில்லை. இதை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவனை மறுபடி ஏறச் சொன்னால் ஏன் என்று கேட்பான். ஒரு குடைக்காரனின் சிரிப்புக்குப் பயந்து அப்பாவின் முறையை மீறினேன் என்று தம்பியிடம் சொல்ல வேண்டிவரும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மழையில்லாத மூன்று மாதமும் நாளையாகவே கழிந்தது.

மதகு அறையில் தம்பி கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "ஒயர்லதான் கோளாறு. அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் பதினாலு ஜாயிண்ட் இருக்கு. ஒவ்வொண்ணாப் பாத்துட்டே போறேன்."

"ஹாரன் போயிருந்தா?" என்றார் மாப்பிள்ளை.

"அது அண்ணன் கைப்பட்டது மாப்பிள்ளை. அதுல இருக்காது."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. வேலைக்குப் போகும் வழியில் மழைக்கு ஒதுங்கி இங்கே ஏறி வந்தவர்; வீட்டில் மனைவியும் குழந்தையும் தூங்குவதாகச் சொல்லியிருந்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க மாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தி பார்த்தார். குடைக்காரர் பார்த்தார்.

"ஒயராத்தான் இருக்கும்" என்றேன்.

இரண்டு பேரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் வண்டியில் போனார்கள். கரைச் சரிவில் வண்டி இரண்டு தடவை வழுக்கியது. மழை அவர்களை மூடியது.

அதற்குப் பின் வந்த கொஞ்ச நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதினாலு ஜாயிண்ட். ஒவ்வொன்றுக்கும் ஏணி சாத்தி, ஏறி, டேப்பைப் பிரித்து, பார்த்து, மறுபடி சுற்றி இறங்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அத்தனையும் பார்த்துவிட்டு, ஒயரில் குற்றமில்லை என்று தெரிந்தபின்தான் ஹாரனைத் தொடுவான். அதற்குள் கதவு தூக்குகிற நேரம் வந்துவிடும். நான் கணக்குப் போட்டேன், மறுபடி போட்டேன். எப்படிப் போட்டாலும் என் மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி மதகுச் சுவரில் கிழித்திருந்த நீர்மட்டக் கோடுகளைப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னும் நாலு விரக்கடைதான் இருக்கு. நாலு மணிங்கறத நாலு பத்து வரைக்கும் தள்ளலாம். அதுக்கு மேல கரை தாங்காது. கரை போச்சுன்னா பள்ளத்தெரு மட்டும் இல்ல, ஊரே போகும்." குரலில் வழக்கமான கேலி இல்லை. அவருக்கும் அது பேரன்தான்.

"ஆள் அனுப்பிக் கதவு கதவாத் தட்டச் சொன்னா?" என்றார் குடைக்காரர்.

"எந்த ஆளை? உங்க குடையையா?" என்றார் சம்பந்தி.

தம்பியின் மனைவி மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, உங்க கை நடுங்குது."

"குளிர்."

"குளிருக்குக் கை நடுங்கும். பேச்சு ஏன் நடுங்குது?"

நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்தாவது கம்பத்தடியில் ஏணி சாத்தியிருப்பது மங்கலாகத் தெரிந்தது. அங்கே முதல் ஜாயிண்ட். இரண்டாவது அதற்கு அப்பால். மூன்றாவதுக்குப் போனால் கிடங்குச் சுவருக்குப் பின்னால் திரும்பிவிடுவான். அப்புறம் ஐந்தாவது ஹாரன் என்ன கத்தினாலும் அவன் காதில் விழாது. ஏணி கீழே இறங்கியது. நகர்ந்தது. மறுபடி சாய்ந்தது. இரண்டாவது.

பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இளம் வயதில் இடி இறங்கிய கம்பத்தில் தொங்கியிருக்கிறேன். அது பயமே இல்லை. பயம் எதிரே இருந்த மைக்கில் இருந்தது. ஐந்து தெருவுக்கும் கேட்கிற மைக் அது. கடை, பெயர்ப் பலகை, அப்பா, சம்பந்தி, கல்யாணப் பேச்சில் நான் கேட்ட அந்தக் கேள்வி, எல்லாம் அந்த மைக்குக்கு முன்னால் வரிசையாக நின்றன. ஏணி இரண்டாவது ஜாயிண்டிலிருந்து இறங்கத் தொடங்கியது.

"எழுந்திரும்மா" என்றேன்.

அவள் எழுந்தாள். நான் உட்கார்ந்து ஐந்து சுவிட்சையும் போட்டேன். ஐந்தாவது மட்டும் போதும் என்று இப்போது தெரிகிறது. கை தானாக எல்லாவற்றையும் போட்டது.

"தம்பி, அண்ணன் பேசறேன். ஒயரை விடு. கோளாறு ஒயர்ல இல்ல. ஆறாவது ஹாரனோட கண்ணை நான் அடைச்சுட்டேன். பசை வச்சு அடைச்சு மேல வர்ணமும் பூசினேன். உள்ள தண்ணி நிக்குது. ஒயரை விட்டுட்டு ஓடு. மூடிக்கு அடியில குத்தித் தண்ணிய வடிச்சு விடு."

என் குரல் ஐந்து தெருவைச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. எங்கள் தொழிலில் எந்த அறிவிப்பையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். நானும் மூன்று தடவை சொன்னேன்.

தலையைத் தூக்கியபோது ஏணியைக் காணோம். சுவருக்குப் பின்னால் போயிருந்தார்கள். கேட்டுவிட்டு ஓடினார்களா, கேட்காமலே மூன்றாவது ஜாயிண்டுக்குப் போனார்களா, தெரியவில்லை.

குடைக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் அடைக்கச் சொல்லலையே பெரியவரே."

"நீங்க சொல்லல. நான்தான் அடைச்சேன்."

சம்பந்தி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். காலமெல்லாம் வைத்துச் சொல்ல அவருக்கு ஒரு பேச்சு கிடைத்துவிட்டது. அவரோ கதவு தூக்கும் சக்கரத்துக்கு எண்ணெய் விடப் போனார். ஏற்கெனவே காலையில் விட்டிருந்தார்.

மணி மூன்று. மற்ற ஐந்துக்கும் அறிவிப்பைச் சொல்லி முடித்த தம்பியின் மனைவி ஆறாவது சுவிட்சை மட்டும் போட்டுக்கொண்டு விடாமல் பேசினாள். "பள்ளத்தெரு மக்களே, ஏரி திறக்கப் போறோம். எழுந்து கிடங்கு மேட்டுக்குப் போங்க." சன்னலுக்கு வெளியே அந்தக் குரல் இல்லை. அறைக்குள் மட்டும் இருந்தது. மூன்று ஐந்து. மூன்று பத்து. அவள் தொண்டை கரகரத்தது, நிறுத்தவில்லை. மூன்று பதினைந்து. நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காதை மழைக்குக் கொடுத்தபடி நின்றேன். எல்லாச் சத்தமும் அந்த ஹாரன் போலவே கேட்டது. தகரத்தில் விழுகிற தண்ணீர், தவளை, என் மூச்சு.

மூன்று பதினெட்டுக்கு ஒரு இருமல் கேட்டது.

இருமல்தான். ஹாரன் இருமியது. அப்புறம் சளி பிடித்தவனின் குரலில், "மேட்டுக்குப் போங்க" என்றது. பாதி வார்த்தை தேய்ந்தது. அடுத்த வாக்கியம் தெளிந்தது.

தம்பியின் மனைவி தண்ணீர்கூடக் குடிக்காமல் மறுபடி தொடங்கினாள்.

பள்ளத்தெரு காலியானதும் தம்பி ஐந்தாவது கம்பத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று அவன் கிளம்புமுன்பே பேசி வைத்திருந்தோம். மூன்றரை. துணி இல்லை. கிடங்கு மேட்டில் குடைகள் ஒவ்வொன்றாக ஏறுவது தெரிந்தது. சாக்கைத் தலையில் போட்டவர்கள், ஆட்டை இழுத்தவர்கள், கட்டிலைத் தூக்கியவர்கள். அந்தத் தூரத்தில் யார் முகமும் தெரியாது. கையில் மூட்டையோடு போகிற ஒவ்வொரு பெண்ணையும் என் மகள் என்று நினைத்தேன். ஒவ்வொருத்தியும் மகளில்லை என்றும் நினைத்தேன். நாலு மணி. துணி இல்லை.

நாலு ஐந்துக்குச் சம்பந்தி சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்தார். "ரெண்டு விரக்கடை" என்றார். பிறகு என்னிடம் கேட்டார். அதுவரை என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. "தூக்கட்டுமா சம்பந்தி?"

"உங்க வேலை. நான் என்ன சொல்றது?"

"என் பேரன் கீழ இருந்தா என்னால தூக்க முடியாது. தூக்காம இருக்கவும் முடியாது."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் கையையும் சக்கரத்தில் வைத்தேன். அது ஒருவர் சுற்றுகிற சக்கரம்தான். அந்த இரும்பு என் உள்ளங்கையில் அதிர்ந்தது. அதிர்ந்தது ஏரியா, அவர் கையா என்று சொல்ல முடியாது.

"துணி" என்றார் குடைக்காரர். சன்னலில் அவர்தான் நின்றிருந்தார். "துணி ஏறுது பெரியவரே. சிவப்பு."

நாலு எட்டுக்குக் கதவைத் தூக்கினோம்.

மாலையில் கிடங்கில் அவர்களைப் பார்த்தேன். பேரன் மாப்பிள்ளையின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். பள்ளத்தெருவின் நூற்றிருபது வீட்டிலும் பொருள் போயிற்று. ஆள் யாரும் போகவில்லை. மாப்பிள்ளையின் வீடு ஆறாவது கம்பத்திலிருந்து நாற்பது தப்படிதான். அவர் வீட்டுக்கு ஓடவில்லை. தம்பி மேலே குத்துகிறவரை அந்தச் சேற்றில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிடிக்காவிட்டால் ஏணி வழுக்கும் என்று. இதைத் தம்பி சொன்னான். மாப்பிள்ளை என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"ஆணி வேலைக்கு ஆகல மாமா. பசை கல்லு மாதிரி இருந்தது. என்னோட பைப் திருப்புளியாலதான் குத்தினோம்."

"எவ்வளவு தண்ணி வந்தது?"

"அரை டம்ளர் இருக்கும்."

என் தம்பி என்னை எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஐந்து ஹாரனையும் இறக்கி, என் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, கண்ணுக்குள் தீக்குச்சியை விட்டுப் பார்த்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் கடையில் அதுதான் வழக்கம். யார் முடித்த சாமானாக இருந்தாலும் இன்னொருவர் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கம்பம் ஏற்றுவது.

இனி ஊரில் ஓடுகிற பேச்சுக்கு வருகிறேன். கண்ணை அடைத்தவன் தம்பிதான் என்றும், அவன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று பெரியவர் மைக்கில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்றும், அப்பேர்ப்பட்ட மனுஷன் என்றும் பேசிக்கொள்கிறார்கள். டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலியும் கொடுத்தார். தம்பியிடம் கேட்டிருக்கிறார்கள். அவன் மறுக்கவில்லை. அண்ணனுக்கு வருகிற பெருமையை ஏன் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டான்.

அந்தப் பேச்சு பொய். என் தம்பி கட்டிய ஆறு ஹாரனிலும் முகம் குனிந்திருந்தது, வால் தொங்கியது. கண்ணை அடைத்தது நான். மூன்று மாதம் சொல்லாமல் இருந்ததும் நான். ஒயர்தான் என்று பொய் சொல்லி அவனை மழையில் அனுப்பியதும் நான்.